ஒரு விளக்கை அணைக்கப்போய்ப் பதினொன்று அணைந்த இரவு: ஒரு நிகழ்வு ஆய்வு

இடம், வடமேற்குத் தமிழகத்தில் ஒரு சிறிய பேரூராட்சி. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை. சம்பவ இரவில் நான் அங்கே இல்லை. வானம் பார்க்கும் பழக்கமுள்ளவன் என்பதால் பிறகு கூப்பிட்டார்கள். போய்க் கம்பத்தைப் பார்த்து, திடலில் இருந்தவர்கள், தெருக்காரர்கள், பேரூராட்சி எலக்ட்ரீஷியன் என்று எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசி இதை எழுதுகிறேன்.

பின்னணி

ஊரின் மேற்குப் பக்கம் ஒரு விளையாட்டுத் திடல். அதன் கிழக்கு ஓரமாக ஒரு தெரு போகிறது. தெருவில் பதினொரு கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எல்இடி விளக்கு. முன்பு சோடியம் விளக்கு இருந்த காலத்தில் மஞ்சளாக மங்கி எரியும், திடல் பாதி இருட்டாகவே இருக்கும் என்கிறார்கள். எல்இடிக்கு மாற்றிய பிறகு தெரு பளிச்சென்று ஆனது. கம்பத்தில் விளக்கைத் தாங்கும் பழைய கைகள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. அதே சாய்வில் புது விளக்குகளையும் பொருத்திவிட்டதால், வெளிச்சத்தில் ஒரு பங்கு தெருவைத் தாண்டித் திடலுக்குள் விழுந்தது. திடலின் நடுவுக்கு நேர் எதிரே இருக்கும் ஐந்தாவது கம்பத்தின் விளக்குதான் பெரிய தொல்லை. அதன் கீழே நின்றால் செய்தித்தாள் படிக்கலாம். திடலில் நின்றால் அந்த விளக்கு நேரே கண்ணில் அடிக்கும்.

இந்தத் திடலில் நூலக வாசகர் வட்டத்து இளைஞர்கள் சிலர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், அவ்வப்போது கூடி வானம் பார்ப்பார்கள். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் வழிநடத்துகிறார். தொலைநோக்கி ஒன்று உண்டு. நிலாவும் வியாழனும் பார்க்கும்வரை தெருவிளக்கு யாருக்கும் பெரிய பிரச்சினையாகப் படவில்லை. அவை எந்த வெளிச்சத்திலும் தெரியும்.

2023 டிசம்பர் 14 இரவு வேறு மாதிரி. ஜெமினிட் எரிகல் பொழிவின் உச்ச இரவு அது. 3200 ஃபேத்தன் என்ற சிறுகோள் தன் பாதையில் விட்டுச்சென்ற துகள்களின் ஊடே பூமி புகுந்து போகும் நேரம். நல்ல இருட்டில், பொழிவின் மையம், அதாவது எரிகற்கள் கிளம்பி வருவதுபோலத் தோன்றும் இடம், தலைக்கு மேல் இருந்தால், மணிக்கு நூறுக்கு மேல்கூட விழலாம். அந்த ஆண்டு உச்சம் அமாவாசையை ஒட்டி வந்தது, நிலா வெளிச்சத் தொல்லை இல்லை. இத்தனை தோதாக எல்லா ஆண்டும் அமையாது. அரையாண்டுத் தேர்வு நேரம் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் வரவில்லை. பெரியவர்களும் கல்லூரி மாணவர்களுமாக இருபது பேர் அளவில் பாய், போர்வையோடு வந்து சேர்ந்தார்கள்.

முதல் முயற்சி: லேசர்

விளக்கின் மேல் லேசர் அடித்தால் அணைந்துவிடும் என்று வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஒரு மாணவர் சொன்னார். அது பொய்யில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான தெருவிளக்குகளின் தலைமேல் ஒரு சிறிய டப்பா திருகி மாட்டப்பட்டிருக்கும். அதற்குள் ஒளியை உணரும் சென்சார். பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்தால் விளக்கைப் போடும், விடிந்தால் அணைக்கும். விளக்குக்கு ஒரு சென்சார் என்பதால் எதன் மேல் ஒளி பாய்ச்சுகிறோமோ அது மட்டும் அணையும். அங்குள்ள வானியல் ஆர்வலர்கள் பலருக்கு இது பழைய தந்திரம்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் பச்சை லேசரை ஐந்தாவது விளக்கின் மேல் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கின் மேல், கீழ், பக்கவாட்டு எல்லாம் அடித்தும் அசையவில்லை. காரணம் எளிது. அந்த விளக்கில் சென்சாரே கிடையாது.

ஆசிரியர் இந்த இடத்தில் லேசரை வாங்கிப் பையில் போட்டுவிட்டார். தெருவில் பைக் போகிறது, ஓட்டுபவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டாராம். சரியான முடிவு. கடையில் கிடைக்கும் பச்சை லேசர்களின் உறையில் 5 மில்லிவாட் என்று போட்டிருக்கும், உள்ளே அதைவிடக் கூடுதலாக இருப்பது சாதாரணம். கண் நிரந்தரமாகக் கெடாவிட்டாலும், இருட்டுக்குப் பழகிய கண்ணில் ஒரு நொடி பட்டால் ஓட்டுபவருக்கு அடுத்த சில நொடிகள் எதுவும் தெரியாது. விமானத்தின் பக்கம் திரும்பினால் அது போலீஸ் வழக்கு.

இரண்டாவது முயற்சி: டார்ச்

ஒரு மாணவரின் மாமா வயரிங் வேலை செய்பவர். அவரிடம் போனில் கேட்டதில், சென்சார் விளக்கில் இருக்காது, முதல் கம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டி இருக்கும், அதன் மேல்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தார்கள். பெட்டியின் மேல் ஒரு சின்னக் குமிழ், திடலைப் பார்த்தபடி. அந்தப் பெட்டி என்னவெல்லாம் செய்கிறது என்று அந்த மாமாவிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

அடுத்து ஒருவர் வீட்டிலிருந்து சார்ஜ் டார்ச் வந்தது. காட்டுப்பன்றி நிலத்துக்குள் இறங்காமல் இருக்க ராத்திரி காவலுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் ரகம். திடலின் சுற்றுச்சுவர் மேல் இரண்டு செங்கல் வைத்து, நடுவில் டார்ச்சைப் படுக்கவைத்து, குமிழை நோக்கித் திருப்பினார்கள். தூரம் 25 மீட்டர் இருக்கும். உடனே எதுவும் ஆகவில்லை. அரை நிமிடம் ஆனதும் பெட்டிக்குள் டக் என்று சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது.

ஐந்தாவது விளக்கு மட்டும் அல்ல, பதினொன்றும். திடலில் கைதட்டினார்கள். தெருவே இருட்டானதை ஆசிரியர் கவனித்திருக்கிறார். அந்த நேரத்தில் யார் நடமாடப் போகிறார்கள், ஒரு மணி நேரம்தானே என்று விட்டுவிட்டதாக அவரே என்னிடம் சொன்னார்.

அது ஏன் அப்படி வேலை செய்தது

நம் ஊர்களில் பெரும்பாலும் விளக்குக்கு ஒரு சென்சார் வைப்பதில்லை. ஒரு வரிசைக்கு ஒரு பெட்டி. அதற்குள் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச். அதற்கு எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று சொல்வது டைமராக இருக்கலாம், சென்சாராக இருக்கலாம், சில ஊராட்சிகளில் இன்றும் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருக்கலாம். செலவு குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் அந்த ஒரு குமிழை ஏமாற்றினால் வரிசை முழுவதும் ஏமாறும்.

எலக்ட்ரீஷியன் பிறகு அந்தக் குமிழைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெயிலில் மஞ்சளித்துப் போன பிளாஸ்டிக் மூடி, உள்ளே சிலந்தி வலை. வலையை விலக்கினால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டு, அதன் முகத்தில் நெளிநெளியாக ஒரு கோடு. காட்மியம் சல்ஃபைடு வகை. வெளிச்சம் பட்டால் இதன் மின்தடை இறங்கும். இந்த வகை சென்சார்களில் பலவற்றில், கூடுதலாகப் பாயும் மின்சாரம் ஒரு சின்னச் சூடேற்றியைச் சூடாக்கும், அந்தச் சூட்டில் இருஉலோகத் தகடு வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். தகடு சூடாக நேரம் பிடிக்கும், அரை நிமிடத் தாமதம் அதனால்தான். அது குறையல்ல, வேண்டுமென்றே வைத்தது. மின்னல் வெட்டினாலோ லாரியின் ஹெட்லைட் பட்டாலோ தெரு அணையக் கூடாது அல்லவா.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. மாலையில் வெளிச்சம் 10, 20 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறங்கினால் விளக்கு எரியத் தொடங்கும். காலையில் அதே அளவு வந்ததும் அணைந்துவிடாது, அதைப்போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை ஏற வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் விளக்கு தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து அணையும், அணைந்ததும் இருட்டைப் பார்த்து எரியும். சில ஊர்களில் வெள்ளைச் சுவருக்கோ விளம்பரப் பலகைக்கோ பக்கத்தில் உள்ள விளக்கு ராத்திரி முழுக்க இப்படி அணைந்து எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பேய் என்று சொல்வதற்கு முன் எதிரே இருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும்.

அதே டார்ச்சை வாங்கி லக்ஸ் மீட்டரில் அளந்தேன். 5 மீட்டரில் சுமார் 1,600 லக்ஸ். தூரம் ஐந்து மடங்கானால் வெளிச்சம் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆக 25 மீட்டரில் 64 லக்ஸ். இதுவே சாதாரண வீட்டு டார்ச்சாக இருந்திருந்தால் குமிழுக்குப் போதியிருக்காது, சம்பவமும் நடந்திருக்காது. லேசர் என்றால் கணக்கு வேறு. 5 மில்லிவாட் பச்சை ஒளி 25, 30 மீட்டரில் 3 சென்டிமீட்டர் வட்டமாக விரிந்தால்கூட அந்த வட்டத்துக்குள் 4,000 லக்ஸ் இருக்கும். காட்மியம் சல்ஃபைடின் உணர்திறன் பச்சையின் பக்கம்தான் அதிகம். கை நடுங்காமல் பிடிக்க முடிந்தால் லேசர் எளிதாக அணைத்துவிடும். அதை அவர்கள் குமிழின் மேல் அடிக்காமல் போனது நல்லது என்றே நினைக்கிறேன்.

இருட்டில் நடந்தது

விளக்கு அணைந்த பிறகு முதல் இருபது நிமிடம் அருமையாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கண் முழுதாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். பழகப் பழக மங்கலான எரிகற்களும் தெரிய ஆரம்பித்தன. நடுவில் ஒரு முறை டார்ச் செங்கல்லிலிருந்து நழுவியது. சிறிது நேரத்தில் பதினொரு விளக்கும் ஒரே நொடியில் எரிந்தன. பழகிய கண் போயிற்று. பழைய சோடியம் விளக்காக இருந்திருந்தால் மெல்ல மெல்லத்தான் முழு வெளிச்சத்துக்கு வந்திருக்கும், எல்இடிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. டார்ச்சைத் திரும்ப வைத்தார்கள். அடுத்த அரை நிமிடத்தில் தெரு மறுபடி இருட்டு.

தெருவில் இருந்தவர்களுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. வீட்டில் கரண்ட் இருக்கிறது, தெருவில் இல்லை, வருகிறது, போகிறது. லைனில் ஏதோ கோளாறு, கம்பி உரசுகிறது என்று ஒருவர் மின்வாரியத்துக்குப் போன் செய்தார். தெருவிளக்கு பேரூராட்சியைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. இன்னொருவர் வார்டு கவுன்சிலருக்குச் சொன்னார். ஒரு வீட்டில், கம்பி அறுந்து கிடக்குமோ என்ற பயத்தில் பிள்ளைகளை வாசலுக்கே விடவில்லை.

பத்து மணி வாக்கில் டீக்கடை மூடிவிட்டு டிவிஎஸ் 50இல் வந்த ஒருவர், எட்டாவது கம்பத்தருகே வீட்டு வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி விழுந்தார். முழங்காலும் உள்ளங்கையும் சிராய்ந்தன, வண்டியின் மட்கார்டு வளைந்தது. குவியல் அங்கே பல நாளாகக் கிடந்ததுதான், தினமும் அதை ஒதுங்கித்தான் போய்க்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தை நம்பித்தான் ஹெட்லைட் பல்பை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். ஜல்லியைத் தெருவில் கொட்டியவர் தன் பங்கைப் பற்றி எதுவும் பேசவில்லை.

சற்று நேரத்தில் பேரூராட்சி எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். பெட்டியைத் திறக்கும் முன்பே, அதன் மேல் வட்டமாக விழுந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்.

“யாருப்பா அது, பெட்டிக்கு லைட் அடிக்கிறது?”

“அண்ணே, எரிகல் பாக்குறோம்ணே. அந்த ஒரு லைட்டு மட்டும் அணையட்டும்னுதான்...”

“ஒண்ணா? தெருவே இருட்டாக் கெடக்கு. ஒரு ஆளு விழுந்து கெடக்கறாரு, வந்து பாரு.”

எடுத்த முடிவுகள்

ஆசிரியர் முதலில் டார்ச்சை அணைக்கச் சொன்னார். விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் தெருவுக்கு வெளிச்சம் வரட்டும் என்பது அவர் நினைப்பு. விழுந்தவரைத் திடலுக்குக் கூட்டி வந்து காயத்தைக் கழுவி மருந்து போட்டார்கள், ஒரு மாணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார். ஆசிரியர் தெருவில் கூடியிருந்தவர்களிடம் போய், கம்பி எதுவும் அறுந்து விழவில்லை, நாங்கள் செய்ததுதான் என்று சொன்னார். இதைச் சொல்லாமல் மெல்ல நழுவியிருந்தால் அந்தத் தெரு அன்று இரவு பயத்தோடுதான் தூங்கியிருக்கும், மறுநாள் எலக்ட்ரீஷியன் காரணமே இல்லாமல் பதினொரு கம்பத்திலும் ஏறி இறங்கியிருப்பார்.

எலக்ட்ரீஷியன் போலீசுக்குச் சொல்லவில்லை. பெட்டியை யாரும் திறக்கவில்லை, கம்பியைத் தொடவில்லை, எதுவும் உடையவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றார். பெட்டியைத் திறந்திருந்தாலோ ஃபியூஸைப் பிடுங்கியிருந்தாலோ நிச்சயம் சொல்லியிருப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர் அந்த யோசனையை முன்வைத்து ஆசிரியர் மறுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த மறுப்புதான் அன்றைய முடிவுகளிலேயே முக்கியமானது. விளக்கு போனால் விழுந்து சிராய்க்கும். அந்தப் பெட்டிக்குள் கை வைத்தால் உயிர் போகும்.

கூட்டம் கலையவில்லை. திடலின் தென்மேற்கில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் அறை இருக்கிறது. அதன் மேற்குச் சுவரை ஒட்டிப் பாயைப் போட்டால் ஒரு விளக்கும் கண்ணில் படாது, தலைக்கு மேல் வானம் முழுதாகத் திறந்திருக்கும். எரிகல் பார்க்க அதற்கு மேல் என்ன வேண்டும்? ஜெமினிடின் மையம் பின்னிரவு இரண்டு மணி வாக்கில்தான் உச்சிக்கு வரும். மேகம் இடையிடையே மறைத்தாலும் அதுவரை இருந்தவர்கள் நிறையப் பார்த்தார்கள். பக்கத்திலேயே இருந்த அந்தச் சுவர் ஒன்பது மணிக்கு யார் நினைவுக்கும் வரவில்லை.

பின்னர் நடந்தவை

மட்கார்டு செலவை வாசகர் வட்டம் கொடுத்தது. ஆசிரியர் பேரூராட்சிச் செயல் அலுவலரைப் பார்த்து நடந்ததைச் சொன்னார். அவர் கோபப்பட்டார், பிறகு கேட்டார், கடைசியில் எழுதிக் கொடுங்கள் என்றார். இந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கடிதத்தில் நாங்கள் கேட்டது மூன்று. ஐந்தாவது விளக்கின் கையைச் சாய்வு இல்லாமல் நேராக்குவது, திடல் பக்கம் ஒரு தகரத் தட்டி வைப்பது, முக்கியமான சில இரவுகளில் அந்த ஒரு விளக்கின் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனே எடுத்துவிடுவது. முதல் இரண்டும் சில வாரங்களில் நடந்துவிட்டன. கையை நேராக்கியதிலேயே பாதித் தொல்லை தீர்ந்தது. வெளிச்சம் தெருவில் கூடியது, திடலில் குறைந்தது. அதைப் பார்த்து, படுக்கையறை ஜன்னலில் விளக்கு அடிக்கிறது என்று ஏழாவது, ஒன்பதாவது கம்பத்து வீட்டுக்காரர்களும் தகரம் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் வைத்துக் கொடுத்தார்கள்.

குமிழின் மூடியையும் மாற்றினார்கள். மஞ்சளித்த மூடி வெளிச்சத்தைத் தடுத்ததால் காலையில் நன்றாக விடிந்த பிறகும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தனவாம், தெருவில் பலரும் அதைச் சொல்லியிருந்தார்கள். சென்சாரையும் திடலைப் பார்க்காமல் வடக்கே திருப்பிப் பொருத்தினார் எலக்ட்ரீஷியன். வடக்கு நோக்கினால் நேர் வெயில் அதிகம் படாது, அதுதான் முறை. இனி சுவரில் டார்ச் வைத்தாலும் எட்டாது என்பதை அவர் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

மூன்றாவது ஏற்பாட்டுக்கு முதல் வேலை 2024 செப்டம்பர் கடைசியில் வந்தது. சுசின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி விடிவதற்கு முன் கிழக்கு அடிவானத்தில் தாழ்வாகத் தெரிந்த நாட்கள் அவை. கிழக்கு என்றால் தெருப் பக்கம், மோட்டார் அறைச் சுவர் உதவாது. முந்தைய நாளே தெருவில் வீடு வீடாகச் சொன்னார்கள். ஐந்து மணிக்குச் சற்று முன் எலக்ட்ரீஷியன் ஐந்தாவது விளக்கின் இணைப்பை மட்டும் எடுத்தார். பால்காரர்கள் வரும் நேரம் என்பதால் அந்தக் கம்பத்தடியில் ஒரு மாணவர், கீழே மட்டும் அடிக்கும்படி கைவிளக்கோடு நின்றார். பைனாகுலரில் வால் நன்றாகத் தெரிந்தது. வெளுக்கத் தொடங்கியதும் விளக்கைத் திரும்பப் போட்டாயிற்று. டீக்கடைக்காரரும் கடை திறக்கும் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதே ஆண்டு டிசம்பர் ஜெமினிடுக்கு யாரும் விளக்கை அணைக்கக் கேட்கவில்லை. உச்ச இரவு பௌர்ணமியை ஒட்டி வந்தது. தெருவிளக்கை அணைக்கலாம், நிலாவை என்ன செய்வது?

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே நிலையில் வேறு ஊரில் ஒரு குழு இருந்தால், பகலில் ஒரு முறை தெருவை நடந்து பாருங்கள் என்பேன். விளக்கின் தலையில் டப்பா இருக்கிறதா, வரிசைக்கு ஒரு பெட்டி இருக்கிறதா, பெட்டியிலிருந்து எத்தனை கம்பத்துக்குப் போகிறது என்பது பகலிலேயே தெரிந்துவிடும். பெட்டியில் டைமர் மட்டும் இருந்தால் எந்த டார்ச்சாலும் பயனில்லை. சூரிய சக்தி விளக்குகளில் பலவற்றில் தனி சென்சார் கிடையாது, மேலே உள்ள சோலார் பேனலே அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் பேனல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கீழிருந்து அடிக்கும் ஒளி அதை எட்டுவது அரிது.

பெட்டியைப் பார்த்த பிறகு, மறைவான சுவரைத் தேடுங்கள். தந்திரம் பலித்தாலும் டார்ச்சை நேரம் முழுக்க அப்படியே பிடித்திருக்க வேண்டும், அது பெட்டியிலும் கம்பத்திலும் பட்டுச் சிதறும் வெளிச்சமே கண்ணைக் கெடுக்கும். ஒரு முறை நழுவினால் கண் பழக மறுபடி அரை மணி நேரம்.

விளக்கை அணைத்தே ஆக வேண்டும் என்றால் பேரூராட்சியிடமே கேட்பது உத்தமம். நேரம் பிடிக்கும், அலைய வேண்டியிருக்கும். இந்த ஊரிலேயே பிறகு செயல் அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார். வாய்வார்த்தையாகக் கிடைத்த அனுமதி அவரோடு போயிற்று. புதியவர், பழைய கடிதத்தின் நகலை இணைத்துப் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த முறை கம்ப எண், நேரம், கைவிளக்கோடு யார் நிற்பார்கள் என்பது வரை எழுதி, தெருவில் குடியிருப்பவர்களின் கையெழுத்தோடு கொடுத்திருக்கிறார்கள்.